தும்பியில் ஆணும் பெண்ணும்: அடையாளம் அறியும் பாடம்

புதுக்கோட்டை மாவட்டம் கண்மாய்களை நம்பி வாழும் மாவட்டம் என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி வட்டாரங்களில் சில இடங்களுக்குக் கல்லணைக் கால்வாயின் கடைமடை நீர் எட்டுகிறது. ஏனைய ஊர்களில் வடகிழக்குப் பருவமழை நிரப்பும் கண்மாயும் ஊரணியும் கிணறுமே பயிருக்கு ஆதாரமாகும். மழை பெய்து நீர்நிலைகள் நிரம்பியதும் அவற்றின் கரையிலும் நெல்வயலிலும் தும்பிகள் திரளாகத் தோன்றுகின்றன. தட்டான் என்றும் தட்டாரப்பூச்சி என்றும் ஊர் வழக்கில் அழைக்கப்படுவது இப்பூச்சியே.

தும்பி பயிருக்கு நன்மை செய்வது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் கரையோரத்தில் நான்கைந்து செந்தும்பிகளைக் கண்டவுடன், நம் கண்மாயில் தும்பிக்குக் குறைவில்லை என்று முடிவு செய்துவிடுவது சரியன்று. கண்ணைக் கவரும் நிறத்தோடு நீரோரம் அமர்ந்திருப்பவை பெரும்பாலும் ஆண்கள். அடுத்த தலைமுறையைத் தரும் பெண்ணோ மங்கிய நிறத்தோடு வரப்பிலும் வேலியிலும் புல்வெளியிலும் ஒதுங்கி இருப்பது. முட்டையிடும் வேளையில் மட்டுமே அது நீரை நாடி வருகிறது. ஆதலின் பெண்ணை அடையாளம் காணத் தெரிந்தவருக்கே, தம் நீர்நிலையில் தும்பி பெருகுகிறதா, அல்லது வந்து போகிறதா என்பது விளங்கும். அவ்வடையாளங்களைக் கற்பதே இப்பாடத்தின் நோக்கம்.

தும்பியால் நமக்கு என்ன பயன்?

தும்பியின் வாழ்வு நீரில் தொடங்குகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி நீருக்கடியில் வளர்ந்து, பல முறை தோலுரித்து, முடிவில் ஒரு நெல் தாளையோ கோரையையோ பற்றி மேலேறிக் கடைசித் தோலைக் களைந்து இறக்கையுடன் பறந்து செல்லும். இதற்குக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. நீரில் இருக்கும் காலத்தில் அது கொசுப்புழுக்களையும் பிற சிற்றுயிர்களையும் தின்கிறது. பறக்கும் பருவத்தில் கொசு, ஈ, தத்துப்பூச்சி, சிறு அந்துப்பூச்சி ஆகியவற்றைப் பிடித்துத் தின்கிறது. நெற்பயிரின் நன்மை செய்யும் பூச்சிகள் பட்டியலில் வேளாண்மைத் துறையினர் தும்பியையும் ஊசித்தும்பியையும் சேர்த்திருப்பதன் காரணம் இதுவே. எனினும் தும்பி ஒன்றே எல்லாப் பூச்சிகளையும் அடக்கிவிடும் என்று எண்ணுதல் கூடாது. சிலந்தி, பொறிவண்டு முதலிய பல துணைவர்களுள் இதுவும் ஒன்று.

நெசவாளருக்கும் இதில் பங்குண்டு. குழித்தறியில் காலை இறக்கி அமர்ந்து நாள் முழுதும் நெய்பவருக்குக் கொசுவின் தொல்லை எத்தகையது என்று சொல்ல வேண்டுவதில்லை. பர்மாவின் யாங்கோன் நகரில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் தும்பியின் இளம்பூச்சிகளை விட்டு, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவை வெகுவாகக் குறைத்த ஓர் ஆய்வு 1990ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அந்நகர மக்களும் அம்முயற்சியில் பங்கு கொண்டனர். அங்குப் பயன்பட்டது குரோகோதெமிஸ் செர்விலியா என்னும் இனம். நம் கண்மாய்க் கரைகளில் நாம் காணும் செந்தும்பி அதுவே ஆகும்.

தும்பியும் ஊசித்தும்பியும்

ஆண் பெண் வேற்றுமையைப் பார்க்குமுன் இரு பெரும் பிரிவுகளைப் பிரித்தறிதல் வேண்டும். தும்பி தடித்த உடலும் பெரிய கண்களும் உடையது. அதன் இரு கண்களும் பெரும்பாலும் தலையின் உச்சியில் ஒன்றையொன்று தொடும். அமரும்பொழுது இறக்கைகளை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தும்பி பெயருக்கேற்ப ஊசிபோல் மெலிந்தது. அதன் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் விலகி நிற்கும். அமரும்பொழுது பெரும்பாலும் இறக்கைகளை முதுகின்மேல் மடக்கிச் சேர்த்துக்கொள்ளும். ஊசித்தும்பியைத் தும்பியின் குஞ்சு என்று கருதுவோர் உண்டு; அது தவறு. இறக்கை வந்தபின் இப்பூச்சி வளர்வதில்லை.

முதல் அடையாளம்: செயல்

புதிதாகக் கற்பவர் நிறத்தைக் கொண்டு தொடங்காமல் செயலைக் கொண்டு தொடங்குதல் நலம். ஏனெனில் செயல் ஏமாற்றுவதில்லை.

ஒரே குச்சியின் நுனியில் அமர்ந்து, எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் அதே இடத்தில் வந்து அமர்ந்து, நெருங்கும் பிற தும்பிகளை விரட்டுவது ஆண். நீர்க்கரையில் அது ஓர் எல்லையைத் தனதாக்கிக்கொண்டு பெண்ணின் வரவுக்குக் காத்திருக்கிறது.

இரண்டு தும்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து பறப்பதை யாவரும் கண்டிருப்பீர்கள். அவற்றுள் முன்னே செல்வது ஆண். பின்னே செல்வது பெண். ஆண் தன் வாலின் நுனியிலுள்ள பற்றிகளால், தும்பியாயின் பெண்ணின் தலையையும், ஊசித்தும்பியாயின் கழுத்துப் பகுதியையும் பற்றிக்கொண்டு செல்கிறது. இவ்விதிக்கு விலக்கில்லை. ஓர் இனத்தின் பெண் எந்நிறம் உடையது என்று தெரியாவிடில், இணையாகப் பறக்கும் ஒன்றைக் கண்டு, பின்னே வருவதன் நிறத்தை மனத்தில் பதித்துக்கொள்ளலாம்.

வால்நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு எழுவது முட்டையிடும் பெண். அவ்வேளையில் ஆண் அதன் மேலே நின்று பறந்து காவல் செய்வதுண்டு. சில இனங்களில் பற்றிய பிடியை விடாமலே உடன் செல்வதும் உண்டு. இக்காவலின் காரணத்தை அமெரிக்க ஆய்வாளர் ஜொனாதன் வாகே 1979ஆம் ஆண்டில் ஓர் ஊசித்தும்பி இனத்தைக் கொண்டு விளக்கினார். பின்வரும் ஆண், முன் கலந்த ஆணின் விந்தை அகற்றிவிட்டே தன் விந்தைச் செலுத்துகிறது என்று அவர் கண்டார். ஆகவே முட்டை முடியும்வரை பெண்ணைக் காப்பது ஆணுக்கு இன்றியமையாததாகிறது. ஊசித்தும்பியின் பெண் நீரில் தொட்டு எழுவதில்லை. நீர்ச்செடியின் தண்டைத் துளைத்து அதனுள் முட்டையை வைக்கிறது.

இரண்டாம் அடையாளம்: நிறமும் இறக்கைக் கோலமும்

இந்தியத் தும்பிகளின் நிறமும் உறுப்பும் ஆண், பெண் எனத் தனித்தனியே விரிவாக எழுதப்பட்டது பெரும்பாலும் ஒருவருடைய உழைப்பினால் ஆகும். இராணுவ மருத்துவராகப் பணி செய்த எஃப். சி. ஃபிரேசர் 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக அந்நூலை வெளியிட்டார். நம் வயல்களில் எளிதாகக் காணக்கூடிய சில இனங்களை இங்கே பார்ப்போம்.

செந்தும்பி: ஆண் முகம் முதல் வால் வரை இரத்தச் சிவப்பு. வயிற்றின் மேற்புறத்தில் நடுவே மெல்லிய கருங்கோடு ஓடும். பெண் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். அதே கருங்கோடு பெண்ணிடம் தெளிவாகத் தெரியும்.

வாய்க்கால் தும்பி: ஆண் செம்மஞ்சள் உடலும், இறக்கைகளில் பரந்த செம்மஞ்சள் கறையும் கொண்டது. பெண்ணின் உடல் வெளிறிய மஞ்சள். இறக்கை பெரும்பாலும் கறையின்றித் தெளிந்திருக்கும். இவ்வினம் சாக்கடை நீரையும் பொறுத்துக்கொள்வது. எனவே இது ஒன்றே மிகுந்து பிற இனங்கள் காணாமற் போயிருப்பின், அந்நீர் கெட்டுள்ளதோ என்று ஆராய வேண்டும்.

வயல் தும்பி: நெல்வயலுக்கே உரியது என்று சொல்லத்தக்கது. அறிவியலார் இதனை நியூரோதெமிஸ் துல்லியா என்பர். ஆணின் இறக்கையில் அடிப்பாதி கருநீலம், அதையடுத்துப் பால்வெண்மையான பட்டை, நுனி தெளிவு. பெண்ணின் இறக்கை அடியில் மஞ்சள், இடையில் பழுப்புக் கறை, நுனியில் கருமை உடையது. ஆணில் தெளிந்திருக்கும் நுனி பெண்ணில் கறுத்திருப்பதை நினைவிற் கொள்க. இவ்விரண்டையும் அருகருகே பார்ப்பவர் வேறு வேறு இனம் என்றே கருதுவர்.

வண்ண இறக்கைத் தும்பி: பட்டாம்பூச்சிபோல் மெதுவாக அசைந்து பறப்பது. ஆணின் மஞ்சள் இறக்கையில் கரும்பழுப்புப் புள்ளிகள் நுனி வரை பரவியிருக்கும். பெண்ணின் முன்னிறக்கையில் கோலம் அடிப்பாதியோடு நின்றுவிடும். வெளிப்பாதி சாயம் ஏறாத துணிபோல் தெளிந்திருக்கும்.

தரைத் தும்பி: வரப்பிலும் வெறுந்தரையிலும் அமர்வது. முதிர்ந்த ஆண் நீலநிறம். பெண் பசுமஞ்சள் நிறத்தில் கருங்கோடுகள் உடையது.

மஞ்சள் ஊசித்தும்பி: ஆணின் வயிறு எலுமிச்சை மஞ்சள். பெண்ணின் வயிறு மங்கிய பழுப்பு. நம் சோழமண்டலக் கரையின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கியது இவ்வினம். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ் 1798ஆம் ஆண்டில் அப்பெயரை இட்டார்.

நிறம் ஏமாற்றும் இடங்கள்

நிறத்தை மட்டும் நம்புவோர் மூன்று இடங்களில் தவறுவர்.

முதலாவது, இளமை. இறக்கை முளைத்துப் புதிதாக வெளிவந்த ஆணும் பெண்போலவே மஞ்சளாக இருக்கும். நாட்கள் செல்லச் செல்லவே செந்தும்பியின் ஆண் சிவக்கிறது. தரைத் தும்பியின் ஆண் நீலமாகிறது. நீலநிறம் தோலிலிருந்து சுரக்கும் மெழுகுப் பொடியால் ஆவது. நீறு பூத்தாற்போல் அது உடலின்மேல் படிகிறது.

சிவப்பின் காரணமோ வேறு. சாயத்தொழில் அறிந்த நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். அவுரிச் சாயத்தொட்டியில் நனைத்த நூல் தொட்டியை விட்டு எடுக்கும்பொழுது பசுமஞ்சளாக இருக்கிறது. காற்றுப் பட்டதும் நீலமாகிறது. அங்கே புதிய சாயம் எதுவும் சேரவில்லை. இருந்த சாயமே உயிர்வளியோடு கூடியதால் நிறம் மாறிற்று. செந்தும்பியிலும் இத்தகைய மாற்றமே நிகழ்கிறது. ஆயின் திசை எதிரானது. அதன் தோலிலுள்ள மஞ்சள் நிறப்பொருள் உயிர்வளி ஏற்ற நிலையிலிருந்து அதனை இழந்த நிலைக்கு மாறும்பொழுது சிவப்பாகிறது. ஜப்பானிய ஆய்வாளர் ஃபுதஹாஷியும் அவருடைய குழுவினரும் 2012ஆம் ஆண்டில் இதனை நிறுவினர். வைட்டமின் சி கரைசலைச் செலுத்தியபொழுது மஞ்சள் தும்பியும் சிவந்தது. முதிர்ந்த ஆணின் உடலில் இம்மாற்றம் இயல்பாக நிகழ்கிறது.

இரண்டாவது, ஆணைப்போன்ற பெண். இஸ்க்னூரா செனகலென்சிஸ் என்னும் ஊசித்தும்பியில் ஆண் பசுமையும் கருமையும் கலந்து, வாலின் நுனிக்கருகே நீலப்பொட்டு உடையது. அதன் பெண்களுள் ஒரு வகை இளமையில் செம்மஞ்சளாக இருந்து பின்னர் மங்குகிறது. மற்றொரு வகை நீலப்பொட்டோடு ஆணைப்போலவே இருக்கிறது. இதனை நிறத்தால் பிரித்தறிய முடியாது.

மூன்றாவது, இரு பாலும் ஒத்த இனங்கள். பச்சையும் கருப்புமாக வரிகொண்டு, பிற தும்பிகளையும் பிடித்துத் தின்னும் பச்சைத் தும்பியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறவேற்றுமை இல்லை. கற்சுவரிலும் பாறையிலும் அமர்ந்து கல்லின் நிறத்தோடு ஒன்றிவிடும் கல்தும்பியும் அத்தகையதே. பாறைச் சுனைகளிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் வளரும் இதனை நம் மாவட்டத்துக் குன்றுகளின் அடிவாரங்களில் தேடிப் பார்க்கலாம். மழைக்காலத்தில் கூட்டங்கூட்டமாக வரும் மஞ்சள் தும்பியில் ஆணின் வயிற்றின் மேற்புறம் சற்றுச் செம்மஞ்சள் ஓடியிருக்கும். பறக்கையில் அதனைக் காண்பது கடினம்.

மூன்றாம் அடையாளம்: உடலமைப்பு

ஐயம் எழும் இடங்களிலெல்லாம் முடிவு சொல்வது உடலமைப்பே. தும்பியின் வயிறு கரும்பைப்போல் கணுக்கள் உடையது. கணுக்கள் 10. முன்னிருந்து எண்ணுக.

ஆணின் இரண்டாம் கணுவின் அடிப்புறத்தில் ஒரு சிறு புடைப்பு உண்டு. பக்கவாட்டில் நோக்கினால் அது தெரியும். ஆணின் விந்து வெளிவருவது ஒன்பதாம் கணுவில் ஆயினும், கலப்பதற்குமுன் அதனை இரண்டாம் கணுவிலுள்ள உறுப்புக்கு அது மாற்றி வைத்துக்கொள்கிறது. பெண் தன் வாலை முன்னோக்கி வளைத்து அவ்வுறுப்பைத் தொடுகிறது. கலவியின்போது இரண்டும் சேர்ந்து ஒரு வளையம்போல் தோன்றுவது இதனாலேயே.

பெண்ணின் அடையாளம் வாலின் பக்கம் உள்ளது. எட்டாம், ஒன்பதாம் கணுக்களின் அடிப்புறத்தில் முட்டை வெளிவரும் வாயில் அமைந்துள்ளது. ஊசித்தும்பியில் அங்கே செடியைத் துளைக்கும் கருவி கூர்மையாகத் தெரியும். அப்பகுதி சற்றுத் தடித்தும் இருக்கும்.

வால்நுனியை நோக்கினால், ஆண் தும்பிக்கு மேலே இரண்டும் கீழே ஒன்றுமாக மூன்று பற்றிகள் உண்டு. ஆண் ஊசித்தும்பிக்கு நான்கு. பெண்ணுக்கு இரு குறு முனைகளே உள. அவை பற்றுதற்கு உதவுவன அல்ல.

பூச்சியைப் பிடித்துப் பார்க்க நேர்ந்தால் நான்கு இறக்கைகளையும் முதுகின்மேல் சேர்த்து இரு விரல்களால் மெல்லப் பிடித்து, பார்த்தவுடன் விட்டுவிடுக. புதிதாக வெளிவந்து இறக்கை பளபளக்கும் தும்பியைத் தொடவே வேண்டா. அதன் இறக்கை கசங்கினால் பின்னர் நேராகாது. தும்பியின் வாலில் நூல் கட்டிக் கல் தூக்கச் செய்யும் விளையாட்டைச் சிறுவர்கள் விட்டுவிடும்படி சொல்லுதல் பெற்றோர் கடமை.

அறிந்ததைப் பயன்படுத்தும் முறை

வெயில் ஏறிய முற்பகலில், காற்று அதிகம் இல்லாத நாளில், வயலின் ஒரு வரப்பையும் கண்மாய்க் கரையில் ஒரு பகுதியையும் தேர்ந்துகொள்க. வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில், கால் மணி நேரம் நின்று மூன்றை மட்டும் குறித்து வருக: எல்லை காக்கும் ஆண்கள் எத்தனை, முட்டையிடும் பெண்கள் எத்தனை, நெல் தாளிலும் கோரையிலும் ஒட்டியிருக்கும் உரித்த தோல்கள் எத்தனை.

ஆண்கள் மட்டும் இருப்பின், அங்கு நீர் உண்டு என்பது ஒன்றே தெரியும். பெண் முட்டையிடக் கண்டால் தலைமுறை தொடங்கிற்று என்று பொருள். உரித்த தோலைக் கண்டால் அத்தலைமுறை முற்றுப்பெற்றது என்று பொருள். பெண்கள் பல வாரங்கள் முட்டையிட்டும் தோல் ஒன்றுகூடத் தென்படாவிடில், இளம்பூச்சிகள் நீரிலேயே அழிந்துவிட்டனவோ என்று ஆராய்தல் வேண்டும். நீர் வற்றியது, சாக்கடை கலந்தது, பூச்சிமருந்து சேர்ந்தது ஆகியவை அதன் காரணங்களாக இருக்கலாம்.

மஞ்சள் தும்பியின் செய்தி இங்கே சிறப்பாகக் குறிக்கத்தக்கது. பருவக் காற்றோடு கடல் கடக்கும் பூச்சி இது. மாலத்தீவில் வாழ்ந்த கடலுயிர் ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன், அக்டோபர் முதல் இது இந்தியாவின் பக்கமிருந்து அத்தீவுகளுக்குத் திரளாக வருவதையும், அங்கிருந்து ஆப்பிரிக்காவை நோக்கிச் செல்வதையும் 2009ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். தேங்கும் மழைநீரில் ஓரிரு மாதங்களுக்குள் இதன் இளம்பூச்சி வளர்ந்துவிடும். ஆகவே வானில் மஞ்சள் தும்பி ஆயிரம் பறந்தாலும் அவை நம் வயலில் பிறந்தவை என்று கொள்ள இயலாது. பெண்ணையும் தோலையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மேலும் தும்பி, நீரின் ஒளியை நாடியே முட்டையிடுவதால், களத்தில் விரித்த பளபளப்பான தார்ப்பாயையும் மோட்டார் வண்டியின் கூரையையும் நீர் என்று எண்ணி அவற்றின்மேல் முட்டையிடுவதுண்டு. அம்முட்டைகள் வீணாகும். அதனைக் கணக்கில் சேர்த்தல் கூடாது.

பூச்சிமருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜப்பான் நாட்டு நெல்வயல்களில் வளர்ந்துவந்த ஒரு செந்தும்பி இனம் 1990களின் பிற்பகுதியிலிருந்து வெகுவாகக் குறைந்தது. நாற்றுப் பெட்டிகளில் இடப்பட்ட ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் ஆகிய மருந்துகளே இதற்குப் பெரிதும் காரணம் என அந்நாட்டு ஆய்வாளர் கருதுகின்றனர். கரையில் நின்றவருக்குச் செந்தும்பி சில ஆண்டுகள் தென்பட்டுக்கொண்டிருக்கலாம்; இழப்பு நிகழ்ந்தது நீருக்கடியில். இவ்விரு மருந்துகளும் நம் நாட்டிலும் நெல்லுக்கு வழங்கி வருபவை. ஆகவே பூச்சியைக் கண்டவுடன் மருந்து தெளித்தல் வேண்டா. சேதம் எவ்வளவு, நன்மை செய்யும் பூச்சிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, வேளாண்மை அலுவலரைக் கலந்த பின்னரே முடிவு செய்க. தெளிக்க நேர்ந்தால் மிஞ்சிய மருந்தையும் தெளிப்பானைக் கழுவிய நீரையும் வாய்க்காலில் விடாதீர்கள்.

ஒருவர் வயலில் விட்ட மருந்து வாய்க்கால் வழியே அடுத்தவர் வயலுக்கும் பாய்கிறது. ஒருவர் கரையில் விட்டுவைத்த கோரையில் ஏறிவரும் தும்பி அடுத்தவர் பயிரையும் காக்கிறது. இவ்வேலை தனியொருவரால் முற்றுப்பெறுவதன்று. கண்மாய்ப் பாசனத்தார் சேர்ந்து, கரையோரப் புல்லையும் கோரையையும் ஒரே நாளில் முழுதும் அழிக்காமல் ஒரு பகுதியையேனும் நிறுத்தி வைப்பார்களாயின், இளம்பூச்சி மேலேறி வர இடமிருக்கும். செலவில்லாத இந்த உதவியைச் சங்கத்தின் அங்கத்தினர் அனைவரும் செய்யலாம்.

பயிற்சி வினாக்கள்

1. இணைந்து பறக்கும் இரு தும்பிகளுள் முன்னே செல்வது எது? காரணம் கூறுக.

2. வரப்பில் மஞ்சள் நிறச் செந்தும்பி ஒன்று அமர்ந்திருக்கிறது. அது பெண்ணா, இளம் ஆணா என்பதை எக்கணுவைப் பார்த்து அறிவீர்?

3. வயல் தும்பியின் ஆணுக்கும் பெண்ணுக்கும் இறக்கை நுனியில் உள்ள வேற்றுமை யாது?

4. அவுரிச் சாயத்தின் நிறமாற்றத்திற்கும் செந்தும்பியின் நிறமாற்றத்திற்கும் உள்ள ஒற்றுமையையும் வேற்றுமையையும் விளக்குக.

5. உங்கள் ஊர்க் கண்மாயில் ஆண்கள் பல, முட்டையிடும் பெண்கள் பல, உரித்த தோல் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் முதலில் எதனை ஆராய்வீர்கள்?